உறைந்துபோன பாய்லர்கள் – பிரிட்டன், டிசம்பர் 2010

வீட்டைச் சூடாக்க வேண்டிய இயந்திரம், ஆண்டிலேயே மிகக் குளிரான நாளில் நின்றுபோனால் எப்படி இருக்கும்? 2010 டிசம்பரில் பிரிட்டனில் அதுதான் நடந்தது. 1910-ல் தொடங்கிய அந்நாட்டின் அன்றைய தேசியப் பதிவுகளில் அதுவரை அவ்வளவு குளிரான டிசம்பர் இருந்ததில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கிய நாட்களில் ஏராளமான வீடுகளில் பாய்லர் நின்றது. குழந்தைகளும் முதியவர்களும் குளிரில் நடுங்க, பழுது பார்ப்பவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அவற்றில் பல பாய்லர்கள் பழுதாகவே இல்லை!

பிரிட்டிஷ் வீடுகளில் பாய்லர் எரிவாயுவில் தண்ணீரைச் சூடாக்கும். பம்ப் அதை ஒவ்வொரு அறையிலும் உள்ள ரேடியேட்டருக்கு அனுப்பும். இந்தத் தண்ணீர் உறைந்தால் ஆபத்து. பனிக்கட்டியாகும்போது தண்ணீரின் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும், குழாய் வெடிக்கும். ஆகவே உறைபனித் தெர்மோஸ்டாட் என்ற சிறு கருவியைப் பொருத்துவார்கள். வெப்பநிலை சுமார் 5 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்தால், வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் அது பாய்லரை இயக்கிவிடும். பிற்காலப் பாய்லர்களில் இப்படியொரு பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. ஆனால் அது காப்பது முக்கியமாக அந்தப் பாய்லரைத்தான். வெளியே ஓடும் குழாய்களை அல்ல.

2005 ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு புது விதி வந்தது. புதிதாகப் பொருத்தும் எரிவாயு பாய்லர்கள், சில விதிவிலக்குகள் தவிர, 'கன்டென்சிங்' வகையாக இருக்க வேண்டும். பழைய பாய்லர்களில் சூடான புகை அப்படியே வெளியேறிவிடும். புதிய வகையோ அந்தப் புகையைக் குளிர்வித்து, அதிலுள்ள நீராவியைத் தண்ணீராக்கி, அந்த வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும். எரிவாயுவும் மிச்சம், பணமும் மிச்சம்.

ஆனால் அந்தத் தண்ணீர் எங்கேயாவது போக வேண்டுமே! ஏ.சி.யில் இருப்பது போலவே இதற்கும் ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாய் உண்டு. பல வீடுகளில் 21.5 மில்லிமீட்டர் குழாயைச் சுவருக்கு வெளியே, எந்த உறையும் இல்லாமல் விட்டிருந்தார்கள். அதில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டும். கடுங்குளிரில் சொட்டுச் சொட்டாகவே உறைந்து, குழாய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் போக வழியில்லாததால் பாய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது.

உறைபனித் தெர்மோஸ்டாட் என்ன செய்தது? அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் பூட்டிக்கொண்ட பாய்லரை அதனால் எழுப்ப முடியாது. கழிவுநீர்க் குழாயில் தொடங்கிய உறைவு, பூட்டிக் கிடந்த வீட்டில் மற்ற குழாய்களையும் ஆபத்தில் தள்ளியது.

தவறு எங்கே? கன்டென்சிங் பாய்லர் மோசமான கண்டுபிடிப்பு அல்ல. அதன் லாபத்தை ஆண்டுக் கணக்கில் பார்த்தார்கள். பெரும்பாலான குளிர்காலங்கள் மிதமாக இருந்ததால் கணக்கும் சரியாகவே வந்தது. ஆனால் பனி ஆண்டுச் சராசரியைப் பார்த்துப் பெய்வதில்லை. சில பவுண்டு விலையுள்ள குழாயில் செய்த சிக்கனம், ஆயிரக்கணக்கான பவுண்டு பாய்லரை முடக்கிவிட்டது.

தீர்வு எளிமையானதுதான். குழாயை முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே கழிவுநீர்ப் பாதையில் சேர்க்க வேண்டும். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் அகலமான குழாயைக் குறைந்த நீளத்தில், நல்ல சரிவோடு, உறை சுற்றிப் பொருத்த வேண்டும். 2010-க்குப் பிறகு தொழில்துறை வழிகாட்டுதல்கள் இதையே வலியுறுத்தின. உறைந்துவிட்டால், கொதிக்காத வெந்நீரை ஊற்றி அடைப்பைக் கரைத்து, பாய்லரை மறுபடி இயக்கலாம்.

ஆனால் ஏற்கெனவே சுவரில் பொருத்திய குழாய்கள் வழிகாட்டுதலைப் படித்து மாறிவிடுமா? 2018 பிப்ரவரி இறுதியில் கிழக்கிலிருந்து கடுங்குளிர் வீசியபோது, பல வீடுகளில் அதே குழாய்கள் மீண்டும் உறைந்தன.