வழித்துணையின் அருகே ஜ்யோதிஷ்குடி

மதுரைக்கு வடகிழக்கே திருமோகூர்க் காளமேகத்தைச் சேவிப்பவர்கள், யானைமலையடிவாரத்துக் கொடிக்குளத்தையும் சேவித்தே மீளவேண்டும். தில்லிப் படையெடுப்பின்போது நம்பெருமாளோடு திருவரங்கத்தினின்றும் புறப்பட்ட பிள்ளை லோகாசாரியர் ஒதுங்கிய ஜ்யோதிஷ்குடி அதுவே என்பது ஸம்ப்ரதாயம்.

அவ்விடத்தை ஆளரவமற்ற வெறுங்காடாகவே நினைப்பாருளர், அது பொருந்தாது. அம்மலையிலேயே பாண்டிய மந்திரி மாறன் காரி நரசிங்கப்பெருமானுக்குக் கற்றளி குடைந்ததை 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறும். அவன் மறைந்தபின் முகமண்டபம் சமைத்தவன் தம்பி மாறன் எயினன். ஆக, ஆசாரியர் வந்தபோது அங்கே வைணவம் வேரூன்றி ஐந்து நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது.

திருவாய்மொழிப் பத்தாம்பத்தின் தொடக்கத்தில் ஆழ்வார் வழித்துணையாகப் பற்றியது மோகூர்ப் பெருமானையே என்று வ்யாக்யாதாக்கள் அருளிச்செய்வர். நம்பெருமாள் 1371இல் கோயிலுக்கு மீண்டெழுந்தருளினார். ஆசாரியரோ ஜ்யோதிஷ்குடியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளியிருந்தார்.