இரண்டு மௌனங்கள்

147573952589676412927. இருபத்தோரு இலக்கம். இரண்டின் அறுபத்தேழாம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது. இதன் வரலாற்றில் பாதி கணிதம். மீதி, யார் சொன்னால் நாம் நம்புகிறோம் என்பது.

1644இல் பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென், இவ்வாறு பகா எண்களைத் தரும் அடுக்குகள் என்று 257 வரை ஒரு பட்டியல் தந்தார். அதில் 67 உண்டு. நிரூபணம் இல்லை. பெரியவர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். பின்னால் 67, 257 இரண்டும் தப்பு என்றும் 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை என்றும் தெரிந்தது. பட்டியலை முழுசாகச் சரிபார்த்து முடிக்க 1947 ஆகிவிட்டது. 61தான் 67 என்று அச்சாகிவிட்டது எனச் சமாதானம் சொன்னவர்களும் உண்டு. பாடபேதம் காட்டி மூலவரைக் காப்பாற்றும் உரைமரபைப் படித்த தமிழ் மாணவனுக்கு இது புதிதில்லை.

1876இல் எதுவார் லூக்கா இது பகு எண்தான் என்று நிறுவினார். ஆனால் ஒரு காரணியைக்கூடக் காட்டவில்லை. அவருடைய முறைக்கு அது தேவைப்படவும் இல்லை. ஒன்று இருக்கிறது என்று நிறுவுவது வேறு, அதைக் கையில் எடுத்துக் காட்டுவது வேறு. இந்த இடைவெளி 27 வருஷம் நீடித்தது.

1903 அக்டோபர் 31. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். கழகச் செயலாளர் ஃப்ராங்க் நெல்சன் கோல் கரும்பலகையில் ஒரு பக்கம் இந்த எண்ணை வருவித்தார். மறுபக்கம் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தாராம்; சபை கைதட்டியதாம்.

இந்த 'ஆம்'தான் பிரச்சினை. கதையைப் பரப்பியது எரிக் டெம்பிள் பெல்லின் 1951ஆம் வருஷத்து நூல். சம்பவம் நடந்தபோது பெல் கலிஃபோர்னியாவில் மாணவர். கோலோ தன் வழிமுறையை விளக்கி அதே கழகத்தின் இதழில் கட்டுரையே எழுதியிருக்கிறார். மேதையின் மௌனம் என்ற புனைவு, அந்தப் பக்கங்களைப் படிக்கவிடாமல் செய்துவிடுகிறது. கூடவே உழைப்பையும் மறைக்கிறது. இந்த எண்ணின் எந்தக் காரணியையும் 134ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். இப்படிச் சல்லடை போட்டாலும் சிறிய காரணி நிற்பது 1445580ஆவது இடத்தில்! எத்தனை நாள் ஆயிற்று என்று பின்னாளில் கேட்டபோது, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் சொன்னதாகவும் பெல்தான் எழுதுகிறார்.

கதை பொய்யாகவே இருக்கட்டும். மெர்செனின் மௌனம் நம்பச் சொன்னது. கோலின் மௌனம் பெருக்கிப் பார்க்கச் சொல்கிறது. நான் பெருக்கிப் பார்த்தேன். முதல் தடவை விடை வரவில்லை. தப்பு என் கூட்டலில் இருந்தது.