எதிரியின் மையவாடிக்குச் சென்ற முதியவர்

முதலாம் உலக யுத்தத்தை நாம் வகுப்பில் ஆண்டுகளாகவும் உடன்படிக்கைகளாகவும் படிப்பித்து முடித்துவிடுகிறோம். அதில் அகப்பட்ட ஒரு மனிதரைப் பற்றி இன்று பேசுவோம்.

ஹரி பட்ச், இங்கிலாந்தில் குழாய் பொருத்தும் தொழிலாளி. 1898இல் பிறந்தவர். விரும்பிப் படையில் சேர்ந்தவரல்ல. கட்டாய ஆட்சேர்ப்பில் போனவர். 1917இல் பெல்ஜியத்தின் பஷன்டேல் போர்க்களத்தில், ஐந்து பேர் கொண்ட இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் இருந்தார். முடிந்தவரை எவரையும் கொல்வதில்லை, காலைப் பார்த்தே சுடுவது என்று அந்த ஐவரும் தமக்குள் பேசி வைத்திருந்தார்கள். செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு ஒரு ஷெல் விழுந்தது. நண்பர்கள் மூவர் அந்த இடத்திலேயே மடிந்தார்கள். அவர் காயத்தோடு தப்பினார்.

அதன்பின் ஏறத்தாழ எண்பது வருடங்கள் அவர் வாய் திறக்கவில்லை. மனைவியிடம்கூட யுத்தத்தைப் பற்றிப் பேசியதில்லை. நூறு வயதான பிறகுதான் பேசத் தொடங்கினார். நாடு நினைவு நாள் கொண்டாடுவது நவம்பர் 11இல். அவருக்கோ செப்டெம்பர் 22தான் நினைவு நாள்.

2004இல் அவரை மீண்டும் பெல்ஜியத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே ஷார்ள் குன்ட்ஸ் என்பவரைச் சந்தித்தார். அவர் அதே பஷன்டேலில் ஜேர்மன் தரப்பில் நின்றவர். இவருக்கு வயது 106, அவருக்கு 107. அவர் கொண்டுவந்த அன்பளிப்பு, தன் ஊர் பிஸ்கட். முன்பு ஒருவரையொருவர் கொல்ல அனுப்பப்பட்ட இருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அந்த மண்ணில் லாங்கமார்க் என்ற ஜேர்மன் படையினரின் மையவாடி இருக்கிறது. 44,000க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டுள்ளனர். அவர்களில் ஏறத்தாழ 25,000 பேர் ஒரே பெருங்குழியில். பட்ச் தன் நண்பர்களை மட்டும் நினைத்துவிட்டுத் திரும்பவில்லை. இந்த மையவாடிக்கும் போய் மரியாதை செலுத்தினார்.

2009 ஜூலையில், 111ஆவது வயதில் அவர் காலமானார். அவரது விருப்பப்படி இறுதிச் சடங்கில் ஆயுதம் எதுவும் இருக்கவில்லை. பேழையோடு பெல்ஜிய, பிரெஞ்சுப் படையினருடன் ஜேர்மன் படையினரும் நடந்தார்கள்.

அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்தான் நம் நாட்டில் யுத்தம் முடிந்திருந்தது. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களை இழந்த சமூகம் நாம். அந்த வலியை யாரும் சிறிதாக்க முடியாது. ஆனால் அதே வருடங்களில் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களிலும் பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மார் இருந்தார்கள். தெற்கே சிங்களக் கிராமங்களுக்கு மூடிய பெட்டிகள் வந்தன. நம் மையவாடிக்கு நாம் போகிறோம். அவர்களுடைய துக்கத்தின் பக்கத்தில் போய் நின்றோமா?

அந்த நாட்களைக் கண்ட நம் வாப்பாமார், உம்மும்மாமார் பலர் இன்னும் பேசவில்லை. பட்சுக்குக் கிடைத்த 111 வயது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இந்த விடுமுறையில் பிள்ளைகளை அவர்களின் பக்கத்தில் உட்கார வைப்போம். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வைப்போம். பக்கத்து ஊர் முதியவர்களிடமும் போய்க் கேட்போம்.