பாதுகாப்பு உத்தியோகத்தர்: ஒரு தொழில் பிறந்த கதை

சென்ற மாதம் சங்க மண்டபத்தில் ஒரு தம்பி என்னிடம் வந்து, "அண்ணை, இந்த சேவ்ற்றி ஒபிசர் வேலைக்குப் போறதெண்டால் என்ன படிக்கவேணும்?" என்று கேட்டார். பகலில் தொழிற்சாலை, இரவில் வகுப்பு என்று ஓடித்திரியும் பிள்ளை. என்ன படிப்பது என்பதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆனால் இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் அந்த வேலை எப்படி உருவானது என்பதை அறியாமல் அந்தக் கதிரையில் இருக்கக்கூடாது என்று எனக்குப் பட்டது. அதனால்தான் இக்கட்டுரை.

1960ஆம் ஆண்டு மார்ச் 17. ரொறன்ரோவில் யோர்க் மில்ஸ் பகுதியில், டொன் நதிக்குக் கீழே, குடிநீர்க் குழாய் கொண்டுபோவதற்காக ஏறக்குறைய 35 அடி ஆழத்தில் சுரங்கம் தோண்டினார்கள். நீரும் சேறும் உள்ளே வராதபடி அமுக்கிய காற்றைச் செலுத்தித்தான் வேலை. அன்று உள்ளே தீப்பிடித்துப் புகை நிறைந்தது. தீயணைக்கும் கருவி இல்லை. கைவிளக்கும் இல்லை. ஐந்து பேர் உயிரோடு வெளியே வரவில்லை. ஐவரும் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களில் இருவர் உடன்பிறந்த சகோதரர்கள்.

அந்நாளைய இத்தாலியரின் நிலைமை, பின்னர் இங்கு வந்திறங்கிய எங்கடை ஆக்களின் நிலைமையைப் போன்றதுதான். ஆங்கிலம் வராது. ஊரிலே குடும்பம் காசை எதிர்பார்த்திருக்கும். "கேள்வி கேட்டால் நாளைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லிப்போடுவான்" என்ற பயம் வேறு. ஆனால் ஹொக்ஸ் ஹொலோ விபத்து என்று பெயர்பெற்ற அந்தச் சாவுகளின் பின் அவர்கள் பேசாமல் இருக்கவில்லை. 'ரெலிகிராம்' பத்திரிகையில் பிராங்க் டிறேயா என்ற நிருபர் குடியேறிய தொழிலாளரின் அவலங்களைத் தொடராக எழுதினார். அதே ஆண்டிலும் 1961இலும் இத்தாலியக் கட்டடத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. 1964இல் கைத்தொழிற் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

ஆயினும் அச்சட்டத்தில் தொழிலாளியின் குரலுக்குப் பெரிய இடம் இருக்கவில்லை. அதைப் பெற்றுத் தந்தவர்கள் வடக்கே எலியற் லேக் யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்கள். தங்களிடையே நுரையீரல் புற்றுநோய் கூடிப்போயிருப்பது அரசாங்கத்துக்குத் தெரியும் என்பதை, வெளிநாட்டு மாநாடொன்றில் வாசிக்கப்பட்ட அறிக்கை மூலம்தான் அவர்கள் அறிந்தார்கள். மூச்சை இழுத்தவன் அவன். விஷயம் தெரிந்தவன் வேறொருவன்! 1974இல் அவர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். பேராசிரியர் ஜேம்ஸ் ஹாம் தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. ஆபத்தோடு நேரில் நிற்பவனுக்கு அதைப்பற்றிப் பேசவும் இடம் இருக்கவேண்டும் என்பதே 1976இல் வந்த அவரது அறிக்கையின் சாரம்.

மேற்கே சஸ்கச்சுவான் மாகாணம் 1972இலேயே இவ்வழியில் சட்டம் செய்திருந்தது. ஒன்ராறியோவின் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் 1979 ஒக்ரோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. தொழிலாளிக்கு மூன்று உரிமைகள்: ஆபத்தை அறியும் உரிமை, பாதுகாப்பு விடயங்களில் பங்குபற்றும் உரிமை, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை.

மறுப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சுப்பவைசரிடம் சொல்லவேண்டும். அவர் தொழிலாளர் பிரதிநிதி ஒருவரையும் வைத்துக்கொண்டு பார்க்கவேண்டும். அதன் பின்னும் ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு நினைத்தால் மறுப்பைத் தொடரலாம். அப்போது தொழில் அமைச்சின் பரிசோதகரை அழைத்தாகவேண்டும். சட்டப்படி மறுத்தவரைப் பழிவாங்க முடியாது.

இச்சட்டத்துக்குப் பிறகு, விதிகளைத் தெரிந்த ஒரு ஆள் முதலாளிமாருக்கும் தேவைப்பட்டார். பாதுகாப்பு உத்தியோகத்தர் என்ற பதவி பெருகியது இவ்வாறே. அவர் சம்பளம் வாங்குவது நிறுவனத்திடம், காக்கவேண்டியது தொழிலாளியை. இந்தத் தொழிலின் கஷ்டம் முழுவதும் அங்கேதான்.

தம்பிக்குச் சொன்ன வழி இதுதான். 20 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் பொதுவாகக் கூட்டுப் பாதுகாப்புக் குழு இருக்கவேண்டும். அதில் பாதிப்பேராவது தொழிலாளராக இருக்கவேண்டும். முதலில் அதில் சேரும். பிறகு சான்றிதழ் பெற்ற அங்கத்தவராவதற்கான பயிற்சிக்குக் கேளும். மாதாந்தப் பரிசோதனையில் நடந்து திரிந்து, யந்திரத்துக்கு மூடி இருக்கிறதா, வெளியேறும் கதவை பெட்டிகள் மறிக்கின்றனவா என்று பார்க்கப் பழகும். படிப்பு வேண்டுமென்றால் முன்பு ரயர்சன் என்றிருந்த ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே பட்டப்படிப்பு உண்டு.

சட்டம் வந்ததோடு எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. 2009 டிசெம்பர் 24, நத்தாருக்கு முதல்நாள், ரொறன்ரோ கிப்ளிங் அவெனியூவில் மாடிக் கட்டடமொன்றில் தொங்குமேடை முறிந்து நான்கு தொழிலாளர் விழுந்து இறந்தார்கள். அவர்களும் குடிபெயர்ந்து வந்தவர்கள்தான். முறையாகப் பாதுகாப்புக் கயிற்றில் பிணைந்திருந்தவர் தப்பினார். அதன் பின்னர்தான் தொழிலாளர் அனைவருக்கும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி 2014இல் கட்டாயமானது.

சித்திரை வருடப்பிறப்பன்று கைவிசேடம் கொடுக்கிறோம். அந்தக் கையை யந்திரத்தில் இழந்தவர்கள் எம்மவரிலும் இருக்கிறார்கள். அடுத்தமுறை மூடி கழற்றிய யந்திரத்தில் நிற்கச் சொன்னால், "உதை முதல்ல பூட்டுங்கோ, பிறகு நிக்கிறன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனத்துக்காக, எம்மைப்போல் வந்த ஐந்து பேர் டொன் நதிக்குக் கீழே விலை கொடுத்துவிட்டார்கள்.