படி அளவும் பக்க எல்லையும்

பூர்வாசாரியர்களின் வியாக்கியானங்கள் பக்கக் கணக்கால் அன்றி, ஒற்று நீங்கலாக 32 எழுத்துகள் கொண்ட ‘படி’யால் அளக்கப்பட்டன. நம்பிள்ளையின் காலக்ஷேபத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடும் முப்பத்தாறாயிரப்படி என்றே வழங்கலாயிற்று. வியாக்கியானத்தின் அடியில் அரும்பதவுரையை அமைத்து அச்சிடும்போதோ பக்க எல்லை இடராகிறது. குறிப்புக்கு இடம் விட்டால், குறியிட்ட வரியே அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படலாம். வரி சென்றால் குறிப்பும் உடன் செல்ல, முன்பக்கம் வெறுமையாகும்.

1978இல் டொனால்டு நூத் உருவாக்கிய டெக் மென்பொருள் இதற்கொரு முறை வகுத்தது. குறியுள்ள வரி பக்கத்தில் சேரும்போதே குறிப்பின் உயரம் பக்க அளவினின்று கழிக்கப்படும். முழுதும் கொள்ளாவிடில் குறிப்பு பிளக்கப்பட்டு, எச்சம் மறுபக்க அடியில் தொடரும். ஆயினும் அது பக்கம் பக்கமாகவே முடிவு செய்யும். பின்வருவதை நோக்கி முன்னதைத் திருத்தாது. நூத்தின் மாணவர் மைக்கேல் பிளாஸ், 1981ஆம் ஆண்டு ஸ்டான்போர்டு ஆய்வேட்டில், பக்கப் பகுப்பின் சில வடிவங்களுக்கு உத்தமத் தீர்வு காண்பது கணினிக்கும் மிக அரிது என நிறுவினார்.

ஆதலின் முடிவான பொறுப்பு பதிப்பாசிரியருடையதே. இடம் போதாதென்று அரும்பதத்தைச் சுருக்குதல் தகாது. எழுத்தெண்ணி அளந்த ஸ்ரீஸூக்திகள் அவை. குறிப்பு பக்கம் தாண்டலாம், எழுத்துக் குறையலாகாது.