வெற்று ஆசனம் யாருக்குச் சொந்தம்?

முன்பின் அறியாதவர்கள் ஒரே வாடகைக் காரில் ஏறிக் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையொன்றை ஊபர், லிஃப்ட் என்னும் இரு கம்பனிகள் 2014ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆரம்பித்தன. இது புத்தம்புதிய கண்டுபிடிப்பு என்றே உலகுக்குச் சொல்லப்பட்டது. அந்நியர் அருகில் அமரத் தயங்குவோருக்குக் கட்டணச் சலுகை காட்டப்பட்டது. வீதி நெரிசல் குறையும், புகை குறையும் என்ற நற்செய்திகளும் உடன் பரப்பப்பட்டன. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் மீனவரோ வயற்கூலியோ இவ்விளம்பரங்களை வாசிக்க நேர்ந்தால் சிரித்திருப்பார். தனியாக ஒரு வாகனத்தை அமர்த்திச் செல்லும் வசதி என்றைக்குமே இல்லாதவருக்கு, அந்நியரோடு நெருக்கியடித்து அமருமாறு எவரும் ஊக்கமளிக்க வேண்டியதில்லை.

ஏழை மக்கள் காலங்காலமாகச் செய்துவந்த ஒரு காரியம் எப்போது குற்றமாகிறது, எப்போது தேசத் தொண்டாகிறது, எப்போது வியாபாரமாகிறது என்பதை ஆராய்ந்தால், வாகனத்தில் வெறுமையாகக் கிடக்கும் ஓர் ஆசனத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பது விளங்கும்.

திருகோணமலையிலிருந்தே தொடங்குவோம். மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடா இம்மாவட்டத்தை இரு கூறாக்கி நிற்கிறது. மட்டக்களப்புக்குச் செல்லும் கரையோர வீதியில் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று துறைக்குத் துறை இறங்கி, நீரைக் கடந்து, மறுகரையில் மீண்டும் வாகனம் தேட வேண்டிய நிலை நெடுங்காலம் நீடித்தது. கிண்ணியாத் துறைக்குப் பாலம் வந்ததே 2009ஆம் ஆண்டு ஒக்ரோபரில்தான். அதுவரை மிதவையே கதி. கிழக்கிலங்கைத் தமிழில் அம்மிதவைக்குப் ‘பாதை’ என்று பெயர். வீதிக்கும் பாதை, வீதி அற்றுப்போன இடத்தில் மனிதரைச் சுமந்து செல்லும் பலகைக்கும் பாதை! அதில் ஏறுவோர் தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா என்று எவரும் பிரித்து ஏற்றியதில்லை. நெல் மூட்டையும் மீன் கூடையும் பள்ளிப் பிள்ளையும் ஒன்றாகவே கரை சேர்ந்தன. மூதூருக்குக் குடாவைக் குறுக்கே கடந்து செல்லும் இயந்திரப் படகிலும், கரையிறங்கியபின் காத்து நிற்கும் காரிலும் ஆளுக்கு இவ்வளவென்று கொடுத்து ஏறுவதே நடைமுறையாயிற்று. படகு நிரம்பினால் புறப்படும். கார் நிரம்பினால் ஓடும். கால அட்டவணை என்ற ஒன்றை மணிக்கூடு நிர்ணயிக்கவில்லை, கூடிய ஆட்களின் தொகையே நிர்ணயித்தது. துருக்கியில் இப்படி ஓடும் கூட்டு வாடகைக் காரைத் ‘தொல்முஷ்’ என்பர். ‘நிரம்பியது’ என்பதே அச்சொல்லின் பொருள்.

ஆனால், தரையில் ஓடும் காருக்குச் சட்டம் வேறொரு நீதி வகுத்தது. காரை முழுதாக ஒருவர் அமர்த்திச் செல்வது ஒன்று. அதே காரில் நால்வர் தனித்தனியே கட்டணஞ் செலுத்திச் செல்வது மற்றொன்று. பிரித்தானியாவின் 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் இந்தப் பிரிவினையைக் கோடு கிழித்துக் காட்டியது. இந்தியாவின் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் ‘ஒப்பந்த வண்டி’, ‘தரிப்பு வண்டி’ என இரு சாதிகளை உண்டாக்கியது. நால்வராகக் கூடிக் காசு சேர்த்து, ஒருவர் பெயரில் அமர்த்தினால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும். அதே நால்வர் தத்தம் பங்கைத் தாமே சாரதியின் கையில் கொடுத்தால் அது அனுமதியற்ற பஸ் சேவையாகிவிடும். ஓடிய தூரமும் எரிந்த பெற்றோலும் ஒன்றே. அப்படியானால் சட்டம் பாதுகாத்தது எதனை?

இலங்கையின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. 1930களில் தனியார் பஸ் முதலாளிகள் ஒருவரையொருவர் முந்தி ஓடிப் பயணிகளைப் பறித்துக்கொண்ட காலமொன்று இருந்தது; அடியாட்களை வைத்துப் போட்டியாளனை விரட்டியவர்களும் உண்டு. அந்த அராஜகத்தை அடக்க 1942ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. வீதிதோறும் சேவை அனுமதி வழங்கப்பட்டு, அனுமதி பெற்ற கம்பனிகள் தத்தம் வீதிகளில் குறுநில மன்னர்களாயின. இந்தக் குறுநில ஆட்சியை ஒழிக்க வேண்டுமென்று இடதுசாரி இயக்கம் இடைவிடாது குரல் கொடுத்தது. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவைகளைத் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையிடம் ஒப்படைத்தது. இலாபம் தராத கிராமத்து வீதிக்கும், பருவச் சீட்டோடு வரும் மாணவனுக்கும் பஸ் வேண்டுமானால் அது பொதுவுடைமையாய் இருந்தாக வேண்டும். அந்த மாற்றத்தை முற்போக்காளர் வரவேற்றது முற்றிலும் சரி. எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆள்வாரிக் கட்டணத்தில் மக்களை ஏற்றும் தனியுரிமை கம்பனியின் கையிலிருந்து சபையின் கைக்கு மாறியதே தவிர, பஸ் எட்டிப் பாராத ஊரில் நால்வரை ஏற்றிச் செல்லும் கார்க்காரன் தொடர்ந்தும் சட்டத்தின் ஓரத்திலேயே நின்றான். கடைசி பஸ் போய்விட்ட பின் நோயாளியோடு சந்தியில் நிற்பவருக்கு அந்தத் தனியுரிமையால் என்ன பயன்?

இந்த வழக்கின் மூலத்தை அறிய 1914ஆம் ஆண்டின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் போக வேண்டும். அவ்வாண்டு யூலை 1ஆம் திகதி எல். பி. டிரேப்பர் என்பவர் தம்முடைய ஃபோர்ட் காரில் வழியில் நின்ற ஒருவரை ஏற்றி ஐந்து சதம் கூலி பெற்றார். ஐந்து சத நாணயத்துக்கு அக்காலக் கொச்சை வழக்கில் ‘ஜிற்னி’ என்று பெயர். அதுவே அவ்வண்டிகளுக்கும் பெயராயிற்று. தொழில் மந்தத்தால் வேலையிழந்தோர் பலர், தவணையில் வாங்கிய பழைய காரோடு இத்தொழிலில் இறங்கினர். ட்ராம் வண்டியிலும் கட்டணம் ஐந்து சதமே. ஆனால் ஜிற்னி அதைவிட விரைவாகச் சென்றது. 1915ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ 62,000 ஜிற்னிகள் ஓடியதாகக் கணக்கிட்டனர். ட்ராம் கம்பனிகள் பதறின. வரி இழந்த நகரசபைகளும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. பெருந்தொகைப் பிணைமுறி கட்டு, உரிமக் கட்டணம் செலுத்து, இன்னின்ன வீதியில் ஓடாதே, இத்தனை மணித்தியாலம் கட்டாயம் ஓடு என்று நகருக்கு நகர் விதிகள் முளைத்தன. பயணிகளின் பாதுகாப்பே நோக்கம் என்றனர். 1918இல் எஞ்சியவை ஆறாயிரத்துக்கும் குறைவு. கூட்டுச் சவாரி கலிபோர்னியாவில் இவ்வாறு கொல்லப்பட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, அதே கலிபோர்னியாவில், கம்பனியின் கண்டுபிடிப்பாக அது மறுபிறவி எடுத்தது!

இடையில் யுத்தம் வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று அன்று எரிந்து அழிந்தது. அதே ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவெங்கும் பெற்றோல் பங்கீடு அமுலாயிற்று. இறப்பர் விளையும் மலாயா ஜப்பானியர் வசமாகிவிட்டதால் டயர் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. ஜிற்னியை விரட்டிய அதே தேசம் இப்போது தன் குடிமக்களைக் கெஞ்சியது. காரில் தனியே செல்பவனின் பக்கத்தில் ஹிட்லர் அமர்ந்திருப்பதாக 1943இல் ஒரு சுவரொட்டியே வரைந்து ஒட்டினார்கள். அந்நியரை ஏற்றிச் செல்வது தேசபக்தியின் இலட்சணமாகிவிட்டது.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அலபாமா மாநிலத்தின் மொன்ற்கொமரி நகரில் அந்தத் தேசபக்திக்கு என்ன நேர்ந்தது? 1955 டிசம்பர் 5ஆம் திகதி கறுப்பு மக்கள் பஸ்களைப் பகிஷ்கரித்தனர். கறுப்பினச் சாரதிகள் தம் வாடகைக் கார்களில் பஸ் கட்டணமான பத்துச் சதத்துக்கே மக்களை ஏற்றினர். உடனே பொலிஸ் அதிகாரிகள் குறைந்தபட்சக் கட்டணம் 45 சதம் என்ற விதியைத் தூசு தட்டி எடுத்தனர். மக்கள் சளைக்கவில்லை. ஏறத்தாழ முந்நூறு சொந்தக் கார்கள் திரண்டன. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நிலையங்கள் குறிக்கப்பட்டன. தேவாலயங்களின் பெயரில் வண்டிகள் வாங்கப்பட்டன. வீட்டு வேலைக்காரப் பெண்ணும் கல்லூரிப் பேராசிரியரும் ஒரே ஆசனத்தில் அமர்ந்து சென்றனர். 1956 ஜனவரி 26ஆம் திகதி மார்ட்டின் லூதர் கிங் இவ்வாறு சிலரை ஏற்றிச் சென்றபோது, 25 மைல் வேக எல்லையில் 30 மைல் வேகத்தில் ஓட்டினார் என்று கைது செய்யப்பட்டார். வாகனங்களின் காப்புறுதி ரத்துச் செய்யப்பட்டது. இலண்டன் லொயிட்ஸ் மூலம் புதிய காப்புறுதி தேட வேண்டியதாயிற்று. கடைசியில் நகரசபை நீதிமன்றத்துக்குப் போய், இது உரிமம் பெறாத போக்குவரத்து வியாபாரம் என்று வாதாடி, நவம்பர் 13ஆம் திகதி தடையுத்தரவும் பெற்றுவிட்டது. அதே நாளில்தான் பஸ்களில் நிறப் பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பை அமெரிக்க உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. கூட்டுச் சவாரியைத் தடுக்க லொஸ் ஏஞ்சல்ஸில் இலாபம் எந்த ஆயுதங்களைக் கையாண்டதோ, அதே உரிமமும் காப்புறுதியும் கட்டண விதியும் இங்கே நிறவெறிக்குக் கைகொடுத்தன.

திருகோணமலை மக்களுக்கு நேர்ந்த சோதனை இன்னொரு விதமானது. வெறுப்பும் யுத்தமும் இம்மாவட்டத்து வீதிகளைக் கூறுபோட்ட காலத்தில், பக்கத்து ஆசனத்தில் யார் என்ற கேள்வி கட்டணக் கேள்வியை விழுங்கிவிட்டது. சோதனைச் சாவடிதோறும் பயணிகள் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, நடந்து மறுபுறம் போய் மீண்டும் ஏறினர். ஏற்றியவர்களைப் பற்றிச் சாரதி பதில் சொல்ல வேண்டியிருந்தது. முன்பின் அறியாத ஒருவரை ஏற்றுவது உயிருக்கே ஆபத்தென்று மூன்று சமூகத்துச் சாரதிகளும் அஞ்சிய நாட்கள் அவை. சட்டத்தாலும் கம்பனியாலும் ஒழிக்க முடியாத வழக்கத்தைப் பயம் ஏறக்குறைய ஒழித்தது. வீதி திறந்தபின் ஒரு காரிலோ ஓட்டோவிலோ மூவினத்தாரும் மீண்டும் ஒன்றாக ஏறியமை பத்திரிகைச் செய்தியாகவில்லை. நல்லிணக்கம் பற்றி நடந்த எத்தனையோ மாநாடுகளைவிட அதனைப் பெரிதாக மதிக்கிறேன்.

இவற்றையெல்லாம் சொல்லி, மக்கள் தாமே பார்த்துக்கொள்வார்கள், அரசாங்கம் ஒதுங்கி நிற்கட்டும் என்று முடிவுகட்ட விரும்புவோர் குறிஞ்சாக்கேணிக்கு வர வேண்டும். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியாவில், பாலம் கட்டும் வேலைக்காக வீதி மூடப்பட்டிருந்த இடத்தில் மக்களை ஏற்றிச் சென்ற மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட சிறுவர்கள் மாண்டனர். அங்கேயும் ஒன்றாகத்தான் ஏறினார்கள். ஒன்றாக ஏறுவோரின் உயிருக்குப் பொறுப்பாக எத்தனை பேர் ஏறலாம், மிதவை தகுதியானதா, உயிர்காப்பு அங்கி உண்டா என்று கேட்க வேண்டிய அதிகாரம்தான் அங்கே காணப்படவில்லை. தனித்தனிக் கட்டணம் வாங்கினாயா என்று சாரதியைக் கேட்கத் தெரிந்த சட்டத்துக்கு இந்தக் கேள்விகள் ஏன் தாமதமாகவே நினைவுக்கு வருகின்றன?

அடுத்த ஆண்டே வெற்று ஆசனம் மறுபடியும் தேசியப் பிரச்சினையாயிற்று. அந்நியச் செலாவணி வற்றிய நிலையில், 2022 யூன் மாத இறுதியில் அத்தியாவசியச் சேவைகள் தவிர்ந்த வாகனங்களுக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. ஓகஸ்டில் பங்கீடு நாடெங்கும் அமுலானபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்தனர். சீனன்குடாவிலோ ஏறத்தாழப் பத்து இலட்சம் தொன் கொள்ளக்கூடிய 99 தாங்கிகள் நின்றன. அவற்றுள் பெரும்பாலானவை யுத்தகாலத்துக்குப் பின் துருப்பிடித்துக் காட்டுக்குள் கிடந்தவை. அவற்றை யார் ஆள்வது என்பது பற்றி 1987ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்படிக்கைக் கடிதங்களிலேயே பேசப்பட்டது. 2022 ஜனவரியில், அதாவது வரிசைகள் நீளத் தொடங்கிய காலத்தில், மேலும் ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தாகி 61 தாங்கிகள் கூட்டுக் கம்பனியொன்றுக்கு ஒதுக்கப்பட்டன. வாரம் ஐந்து லீற்றரில் குடும்பம் நடத்தும் ஓட்டோச் சாரதி ஒரே திசையில் செல்லும் மூவரைச் சேர்த்து ஏற்றினால், அவனுக்கும் நட்டமில்லை, அவர்களுக்கும் கட்டணம் மூன்றிலொன்று. அந்த மாதங்களில் இதைக் குற்றமென்று சொல்ல எவருக்கும் வாய் எழவில்லை.

ஆசனம் நிரம்புவதால் மிச்சப்படும் காசு யாரிடம் போய்ச் சேருகிறது என்று பார்த்தால் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள பேதம் தெரியும். மூதூர்த் துறையில் காத்து நின்ற காரில் அது சாரதிக்கும் பயணிகளுக்கும் இடையே பங்காயிற்று. தொகையை எல்லாரும் அறிந்திருந்தனர். கைத்தொலைபேசியில் ஓடும் கம்பனி, ஒரே ஆசனவரிசையை இருவருக்கு விற்று, ஓட்டத்துக்கு இவ்வளவென்று ஒரு கூலியைச் சாரதிக்குத் தந்து, எஞ்சியதைத் தானே எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு கொடுத்தார் என்பது பயணிக்குத் தெரியாது; சாரதிக்கும் தெரியாது. ஊபரின் கூட்டுச் சவாரி 2020 மார்ச்சில் தொற்றுநோயின்போது நின்று, 2022இல் வேறு பெயரில் திரும்பி வந்தது. கொழும்பில் 2015ஆம் ஆண்டு முதல் இவ்வகைக் கம்பனிகள் தொழில் செய்கின்றன.

திருகோணமலையில் ஓட்டோச் சாரதிகளின் தரிப்பிடங்கள் உண்டு, சங்கங்கள் உண்டு. நிலாவெளிக்கு ஆளுக்கு இவ்வளவு, தம்பலகாமத்துக்கு இவ்வளவு, கிண்ணியாவுக்கு இவ்வளவு என்று மூன்று மொழியிலும் எழுதித் தரிப்பிடத்தில் ஒரு பலகை மாட்டவும், மூவருக்கு மேல் ஏற்றாமல் பார்த்துக்கொள்ளவும், ஆள்வாரிக் கட்டணத்தில் செல்வோருக்கும் செல்லுபடியாகும் காப்புறுதியைக் கோரிப் பெறவும் அச்சங்கங்களால் முடியும். அதற்கு மென்பொருள் வேண்டியதில்லை. இந்தியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டம், தனித்தனிக் கட்டணம் பெற்றாலும் சிறு வாடகைக் காரை ஒப்பந்த வண்டியாகவே கொள்ளலாமென்று ஏற்றுக்கொண்டுவிட்டது. மாகாண சபைக்கும் பாராளுமன்றத்துக்கும் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம், அந்த ஒரு வாக்கியத்தை இங்கும் எழுதுவீர்களா என்று சாரதிகளும் பயணிகளும் சேர்ந்து கேட்கலாம்.