மனிதப் பரிணாமம்: உடலும் பண்பாடும்

மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அங்கிருந்து பிரிந்த மனிதக் கிளையில் உடல் மாற்றங்களும், கருவி, நெருப்பு, உணவுப் பழக்கம் எனச் சேர்ந்த பண்பாட்டு மாற்றங்களும் ஒன்றையொன்று உந்தி வந்துள்ளன. தனித்தனியே வைத்துப் பார்த்தால் இரண்டுமே விளங்கா.

முதலில் பெருத்தது மூளைதான் என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுவாக இருந்தது. இங்கிலாந்தில் 1912இல் அறிவிக்கப்பட்ட பில்ட்டவுன் மண்டையோடு அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. 1953இல் அது போலி என அம்பலமானது. உண்மையில் கால்களே முந்தின. தான்சானியாவின் லெட்டோலியில் மேரி லீக்கி குழுவினர் 1978இல் கண்ட காலடித் தடங்களுக்கு வயது ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகள். ஈர எரிமலைச் சாம்பலில் குதிகால் அழுந்தப் பதிந்திருக்கிறது. கட்டைவிரல், கிளை பற்றும் குரங்கினுடையதைப் போல விலகாமல், மற்ற விரல்களை ஒட்டி முன்னோக்கியிருக்கிறது. அக்காலத்து ஆஸ்திரலோபித்தேக்கஸ் இனத்தின் மூளையோ நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குதான்.

கென்யாவின் லோமெக்வியில் கிடைத்த கற்கருவிகள் 33 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று கணிக்கப்படுகின்றன. ஹோமோ எரெக்டஸ் என்ற முற்கால மனித இனத்தின் காலத்தில் கைக்கோடரி வந்தது. துளி வடிவம், இரு முகங்களிலும் சில்லு பெயர்த்துச் செதுக்கிய ஒழுங்கு. கல்லை உடைக்கும் முன்பே வடிவம் மனதில் இருந்திருக்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தை ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் 1863இல் கண்டறிந்தனர். அங்கே சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தெடுத்த இவ்வகைக் கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழையவை என 2011இல் அறிவிக்கப்பட்டது.

இன்றைய மூளையின் சராசரி அளவு சுமார் 1,350 கன செ.மீ. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள அது, ஓய்வில் செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இறைச்சியும் வேகவைத்த உணவும் இச்செலவை ஈடுகட்டின, பல்லும் தாடையும் சிறுத்தன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

பண்பாடு வளர்ந்ததும் உடல் மாறுவது நின்றுவிட்டது என்பது பரவலான தவறான எண்ணம். பாலூட்டிகளின் குட்டிகள் தாய்ப்பாலை மறந்தபின், லாக்டோஸைச் செரிக்கும் நொதி அவற்றின் உடலில் குறைந்துவிடும். ஆனால் கடந்த 10,000 ஆண்டுகளில் கால்நடை வளர்த்துப் பால் குடித்த சமூகங்களில், வளர்ந்த பின்னும் அந்நொதியைச் சுரக்கச் செய்யும் மரபணு மாற்றம் பரவியது. கிழக்கு ஆப்பிரிக்க மேய்ப்பரிடம் அது தனியாகவே தோன்றியது. இந்தியாவில் பரவலாகக் காணப்படுவது ஐரோப்பியரிடம் உள்ள அதே மாற்றம்.